கண்ணை மூடினால் கால் தள்ளாடுவது ஏன்?

“இரவிலே எழும்பிப் போனவ, வாசற்படியிலே தடுக்கி விழுந்திட்டா. இடுப்பெலும்பு வெடிச்சுப் போச்சாம்.”

இப்படியொரு செய்தியைக் கேட்காத குடும்பம் நம்மிடையே குறைவு. விழுந்தவர் அநேகமாக ஓர் அம்மம்மாவாகவோ மாமியாகவோ இருப்பார். “வயது போனால் அப்படித்தான்” என்று ஊரும் சொல்லும். விழுந்தவரும் அதையே சொல்லிக் கண்ணீரைத் துடைத்துக்கொள்வார். ஈரத் தரையையும் தேய்ந்த செருப்பையும் குறை சொல்வோம். ஆனால் அன்றிரவு அவருடைய கண்களுக்கு எவ்வளவு தெரிந்தது என்று கேட்பவர் மிகச் சிலரே.

கண் என்பது வழியைக் காட்டுவதற்கு மட்டும் உள்ள உறுப்பு என்றே நாம் நினைக்கிறோம். உண்மையில், ஓரடி கூட எடுத்து வைக்காமல் ஒரே இடத்தில் நிற்கும்போதும் நம்மை விழாமல் காப்பதில் கண்ணுக்குப் பெரும் பங்கு உண்டு. இந்த உண்மையை அறிந்துகொண்டால், நம் வீட்டு முதியவர்களுக்கு நேரக்கூடிய வீழ்ச்சிகளில் பலவற்றை முன்கூட்டியே தடுத்துவிடலாம். நாளை முதுமை அடையப்போகும் நமக்கும் அது பயன்படும்.

நாம் அசையாமல் நிற்பதில்லை

சகோதரிகளே, ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, சுவருக்கு அருகில், இரு பாதங்களையும் ஒன்றோடொன்று சேர்த்து நில்லுங்கள். கைகள் பக்கத்தில் தொங்கட்டும். அரை நிமிடம் முன்னால் உள்ள ஒரு பொருளைப் பாருங்கள். பின்னர் கண்களை மூடி இன்னும் அரை நிமிடம் நில்லுங்கள். (முதியவர்களும், தலைச்சுற்று உள்ளவர்களும், கர்ப்பிணிகளும் இதைத் தனியாகச் செய்யவேண்டாம்.)

கண்ணை மூடிய சில வினாடிகளில் உடல் மெல்ல முன்னும் பின்னுமாக ஆடுவதை உணர்வீர்கள். கணுக்காலைச் சுற்றியுள்ள தசைகள் இறுகுவதும் தளர்வதுமாக இருக்கும். பயப்பட வேண்டாம். இது எல்லோருக்கும் பொதுவானது. கண் திறந்திருந்தபோதும் இந்த ஆட்டம் இருந்தது; அது சிறியதாக இருந்தபடியால் நீங்கள் கவனிக்கவில்லை.

ஒரு விளக்குமாற்றை உள்ளங்கையில் நட்டமாக நிறுத்திப் பார்த்திருக்கிறீர்களா? அது ஒரு பக்கம் சாயும்போதெல்லாம் கையை அந்தப் பக்கம் நகர்த்தி நிமிர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். மனித உடலும் அப்படித்தான். பாரமான தலையும் உடம்பும் மேலே; அவற்றைத் தாங்குவதோ இரண்டு சிறிய பாதங்கள். உடல் சற்று முன்னே சாய்ந்தால் கெண்டைக்கால் தசை அதைப் பின்னே இழுக்கும். அளவு மீறினால் மறுபக்கத் தசை முன்னே இழுக்கும். இந்த இழுபறி ஓரிரு சென்ரிமீற்றர் அளவுக்குள் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கிறது. அசையாமல் நிற்பதாக நாம் சொல்வது இதைத்தான்.

மூளைக்குச் செய்தி கொடுப்பவை மூன்று

உடல் எந்தப் பக்கம், எவ்வளவு சாய்கிறது என்பதை மூளை எப்படி அறிகிறது? அதற்கு மூன்று வழிகளில் செய்தி கிடைக்கிறது.

முதலாவது, உட்செவி. காது கேட்பதற்கு மட்டுமல்ல. அதன் உட்பகுதியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் கால்வாய்கள் உள்ளன. தலை திரும்பும்போது இந்தத் திரவம் அசைந்து, திரும்பலை மூளைக்கு அறிவிக்கிறது. அவற்றோடு சேர்ந்த இரு சிறு பைகளில் நுண்ணிய சுண்ணாம்புப் படிகங்கள் இருக்கின்றன. அவை தலையின் சாய்வையும் புவியீர்ப்பின் திசையையும் உணர்த்துகின்றன.

இரண்டாவது, பாதங்களும் மூட்டுகளும் தசைகளும். உள்ளங்காலின் எந்தப் பகுதியில் பாரம் அழுத்துகிறது, கணுக்கால் எவ்வளவு மடிந்திருக்கிறது என்ற செய்தி நரம்புகள் வழியாக முள்ளந்தண்டுக்கும் மூளைக்கும் செல்கிறது.

மூன்றாவது, கண். நாம் முன்னே சாயும்போது எதிரே உள்ள சுவர் மிகச் சிறிதளவு பெரிதாகத் தெரியும். பின்னே சாயும்போது சிறிதாகும். பக்கவாட்டில் ஆடினால் காட்சி முழுவதும் எதிர்ப்பக்கம் நகரும். நாம் இதை உணராவிட்டாலும் மூளை இதைக் கணக்கெடுத்து, தசைகளுக்குக் கட்டளை இடுகிறது.

இந்த மூன்றும் ஒத்துப்போகும்வரை நமக்கு எந்தச் சிரமமும் இல்லை. ஒன்று குறைந்தால் மற்ற இரண்டும் சமாளிக்கும். இரண்டு குறைந்தால்தான் ஆபத்து. முதுமையில் நேர்வது பெரும்பாலும் அதுவே.

இவை ஒன்றுக்கொன்று முரண்படுவதும் உண்டு. நுவரெலியாவுக்குச் செல்லும் வளைவுப் பாதையில் பஸ்ஸுக்குள் புத்தகம் வாசிப்பவருக்கு ஏன் குமட்டுகிறது? “ஆடுகிறோம்” என்கிறது காது. “அசையாத பக்கத்தைப் பார்க்கிறோம்” என்கிறது கண். நிலையத்தில் நிற்கும் ரயிலில் நாம் அமர்ந்திருக்கையில் பக்கத்து ரயில் புறப்பட்டால், நாமே நகர்வதுபோலத் தோன்றுவதும் கண் தரும் செய்தியால்தான். கடற்கரையில் கால் நனைய நிற்கும்போது, திரும்பிச் செல்லும் அலையைக் குனிந்து பார்த்தால் உடல் சாய்வதுபோல் இருக்கிறதல்லவா? அங்கே காலடி மணல் அரிபடுவதும் சேர்ந்துகொள்கிறது. அப்போது தலையை நிமிர்த்தித் தொடுவானத்தைப் பார்த்தால் உடல் நிலைப்படும்.

ஜேர்மன் வைத்தியரின் பரிசோதனை

மேலே சொன்ன கண்மூடிப் பரிசோதனை இன்றும் வைத்தியசாலைகளில் செய்யப்படுகிறது. அதற்கு ‘ரொம்பேர்க் பரிசோதனை’ என்று பெயர். பேர்லின் நகரில் பணிபுரிந்த மோரிட்ஸ் ஹைன்றிக் ரொம்பேர்க் என்ற வைத்தியர், 1840களில் வெளிவந்த தமது நரம்பு நோய் நூலில் இதை விவரித்தார். முள்ளந்தண்டு நரம்பின் பின்புறம் பழுதடைந்த நோயாளிகள் கண் திறந்திருக்கையில் ஓரளவு நிற்பார்கள். கண்ணை மூடச் சொன்னதும் தள்ளாடி விழப் பார்ப்பார்கள். காலிலிருந்து வரவேண்டிய செய்தி அவர்களுக்கு வராததால், அவர்கள் கண்ணாலேயே நின்றுகொண்டிருந்தார்கள். இத்தகையவர்கள் முகம் கழுவுவதற்காகக் கண்ணை மூடும் அந்த வேளையிலேயே சரிந்துவிடுவதும் உண்டு.

நீண்டகாலமாக நீரிழிவு உள்ளவர்களுக்கு இதைப் போன்ற நிலை ஏற்படலாம். சீனி கட்டுப்பாட்டில் இல்லாதபோது பாத நரம்புகள் மெல்ல மெல்ல உணர்விழக்கின்றன. “பஞ்சிலே நடக்கிற மாதிரி இருக்குது” என்று சிலர் சொல்வது இதனால்தான். அவர்கள் பகலில் நன்றாக நடமாடுவார்கள். விளக்கை அணைத்ததும் அவர்களுடைய ஊன்றுகோல் பறிக்கப்பட்டதுபோல் ஆகிவிடும். அதே நீரிழிவு கண்ணின் விழித்திரையையும் பழுதாக்கக்கூடியது என்பதையும் சேர்த்து நினைத்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பாதத்தையும் கண்ணையும் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்துவதன் பொருள் இப்போது விளங்கும்.

சுவர் நகர்ந்தது, குழந்தை விழுந்தது

கண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதை ஸ்கொட்லாந்தின் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் டேவிட் லீ என்பவர் அழகாக நிரூபித்தார். அவரும் எரிக் அரன்சனும் 1974இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு விநோதமான அறையைப் பயன்படுத்தினர். அந்த அறையின் தரை அசையாது. சுவர்களும் கூரையும் மட்டும் முன்னும் பின்னும் நகரும். அப்போதுதான் நிற்கப் பழகிய, ஒரு வயதைச் சற்றே தாண்டிய குழந்தைகளை அதற்குள் நிறுத்தினார்கள்.

எதிர்ச்சுவர் குழந்தையை நோக்கி மெல்ல நகர்ந்தபோது, தான் முன்னே விழுவதாகக் குழந்தையின் மூளை எண்ணியது. உடனே பின்னே சாய்ந்தது. பல குழந்தைகள் தள்ளாடின, சில தொப்பென்று அமர்ந்தன. சுவர் விலகியபோது முன்னே சரிந்தன. தரை சிறிதும் அசையவில்லை, யாரும் தொடவுமில்லை. கண் சொன்ன பொய்யை நம்பியதுதான் காரணம். அடுத்த ஆண்டில் பெரியவர்களை வைத்துச் செய்த பரிசோதனைகளில், சுவர் வெறும் 6 மில்லிமீற்றர் நகர்ந்தாலே நிற்பவரின் உடல் அதற்கேற்ப ஆடுவது தெரியவந்தது. பெரியவர்கள் விழவில்லை, ஏனெனில் காலும் காதும் தரும் செய்தியை ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் பழகியிருந்தார்கள்.

நடை பழகும் பிள்ளை அடிக்கடி விழுவது பலவீனத்தால் மட்டுமல்ல என்பதும், கண்ணை நம்பியே அது நிற்கிறது என்பதும் இதிலிருந்து தாய்மார்களுக்கு விளங்கும்.

அருகே உள்ள பொருளும் ஒரு விரலின் தொடுகையும்

நிற்பவருக்கு அருகே அசையாத ஒரு பொருள் இருந்தால் ஆட்டம் குறையும். காரணம் எளிது. உடல் ஒரு சென்ரிமீற்றர் ஆடும்போது, கைக்கெட்டும் தூரத்தில் உள்ள கதவுநிலை கண்ணுக்கு நன்றாகவே நகர்கிறது. மூளை உடனே திருத்துகிறது. தொலைவில் உள்ள பனைமரமோ நகர்ந்ததாகவே தெரியாது. மொட்டை மாடியின் விளிம்பில் நிற்கும்போது கால் கூசுவதற்கு அச்சம் மட்டும் காரணமல்ல. அருகே கண் பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லாததும் ஒரு காரணம்.

இதை அன்றாடம் பயன்படுத்தலாம். ஒற்றைக் காலில் நின்று உள்பாவாடை அணியும்போதோ காலில் நகம் பார்க்கும்போதோ சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்துக்கொள்ளுங்கள். வயது போனவர்கள் என்றால் கட்டிலில் இருந்தே உடுத்துவது நல்லது. பண்டிகை வருகிறது என்று ஸ்ரூலில் ஏறி நின்று, அண்ணாந்து ஒட்டடை அடிப்பது மிக ஆபத்தானது. கண்ணுக்கு அருகில் எந்தப் பிடியும் இல்லை. தலை பின்னே சாய்ந்திருப்பதால் காதின் செய்தியும் குழம்புகிறது. கால் வைத்திருக்கும் இடமோ ஒரு சாண். மூன்று வழிகளும் ஒரே நேரத்தில் பலவீனப்படுகின்றன. நீண்ட பிடியுள்ள தும்புத்தடியை வாங்கித் தரையில் நின்றே அந்த வேலையைச் செய்யலாம்.

இன்னொரு பயனுள்ள கண்டுபிடிப்பு: அமெரிக்காவின் பிராண்டைஸ் பல்கலைக்கழகத்தில் ஜோன் ஜெக்கா, ஜேம்ஸ் லக்னர் ஆகியோர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இது. கண்ணை மூடி நிற்பவர் ஒரு விரல் நுனியால் நிலையான ஒரு பொருளை இலேசாகத் தொட்டால் போதும். உடல் ஆட்டம் தெளிவாகக் குறைகிறது. அந்தத் தொடுகையின் அழுத்தம் 100 கிராம் நிறைக்கும் குறைவு. அது உடலைத் தாங்குவதில்லை. உடல் எந்தப் பக்கம் ஆடுகிறது என்ற செய்தியை மட்டும் தருகிறது. இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு நடக்கும் நம் பாட்டிமார் அறியாமலே செய்துவந்தது எவ்வளவு சரியானது, பாருங்கள்! கண் பார்வை அற்றவர்கள் வெண்பிரம்பின் துணையோடு உறுதியாக நிற்பதற்கும் நடப்பதற்கும் தொடுகையின் இந்தச் செய்தியும் உதவுகிறது.

வயதாகும்போது கண்ணில் நேர்வது

வயது கூடும்போது கண்ணின் பாவை சுருங்குகிறது. வில்லை மஞ்சள் பிடித்து மங்குகிறது. இருபது வயதில் விழித்திரையை அடையும் வெளிச்சத்தின் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே அறுபது வயதில் அடைகிறது. ஆகவே நமக்குப் போதுமாகத் தெரியும் மின்குமிழ் மாமிக்குப் போதாது. வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் போனால் கண் பழகுவதற்கும் கூடுதல் நேரம் எடுக்கும்.

எழுத்தை வாசிக்கும் கூர்மை மட்டும் பார்வையல்ல. படியின் விளிம்பைத் தரையிலிருந்து பிரித்தறிவது, ஆழத்தைக் கணிப்பது, பக்கவாட்டில் உள்ளதைக் காண்பது ஆகியனவும் பார்வையே. நிற்பதற்கும் நடப்பதற்கும் இவைதாம் முக்கியம். கண் அழுத்த நோயான ‘குளுக்கோமா’ முதலில் பக்கப் பார்வையைத் தின்னுகிறது. நோயாளிக்கு வலியும் இல்லை. நேரே தெரிவதால் அவர் சந்தேகப்படுவதும் இல்லை. கதவில் இடிப்பதும் சின்னக் கதிரையில் தடுக்குவதுமே சில வேளைகளில் முதல் அடையாளம்.

இதே வயதில் பெண்களின் எலும்பும் மெலிகிறது. மாதவிடாய் நின்றபின் எலும்பின் உறுதி வேகமாகக் குறைவதால், இளம் வயதில் சிராய்ப்போடு போகும் விழுகை அப்போது இடுப்பெலும்பு முறிவாகிவிடுகிறது.

உலகளவில் 65 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவர் ஆண்டுக்கு ஒரு முறையேனும் விழுகிறார். எல்லா வயதினரையும் சேர்த்து ஆண்டுதோறும் ஏறத்தாழ 6 இலட்சத்து 84 ஆயிரம் பேர் விழுந்து இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிட்டுள்ளது. விபத்து மரணங்களில் வீதி விபத்துக்கு அடுத்த இடம் இதற்கு. இலங்கையில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்போதே நூற்றுக்கு 12 பேர் அளவில் அறுபது வயதைக் கடந்திருந்தனர். அந்தப் பங்கு அதன்பின் மேலும் உயர்ந்துள்ளது. எனவே இது ஒவ்வொரு வீட்டினதும் கவலை.

306 பெண்கள் தந்த பாடம்

“இந்த வயதிலே எனக்கென்ன கண் ஒபரேஷன்? சோறு போட்டுச் சாப்பிடத் தெரியுது, போதும்.” வெண்புரை படர்ந்த கண்ணோடு இப்படிச் சொல்லும் தாய்மார் எத்தனை பேர்! பேரப்பிள்ளையைப் பார்க்க ஆளில்லை, கூட்டிக்கொண்டு போக மகனுக்கு லீவு இல்லை, பிள்ளைகளுக்குத் தொந்தரவு கொடுக்கக்கூடாது என்று ஒவ்வொரு காரணமாகக் காட்டித் திகதியைத் தள்ளிப்போடுகிறார்கள்.

அவர்களுக்குச் சொல்லவேண்டிய ஓர் ஆய்வு இங்கிலாந்தின் நொட்டிங்ஹாமில் நடந்தது. அதன் முடிவு 2005இல் வெளியானது. எழுபது வயதைக் கடந்த, வெண்புரை உள்ள 306 பெண்கள் அதில் பங்குபற்றினர். ஒரு பகுதியினருக்கு முதற் கண்ணில் ஏறத்தாழ நான்கு வாரங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. மற்றவர்கள் வழமைபோல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தனர். ஓராண்டு கவனித்தபோது, விரைவில் சிகிச்சை பெற்றவர்களில் விழுகைகள் 34 சதவீதம் குறைந்திருந்தன. எலும்பு முறிவு ஏற்பட்டவர்கள் சிகிச்சை பெற்றவர்களில் 4 பேர். காத்திருந்தவர்களில் 12 பேர். பார்வை தெளிந்தவர்களின் மனச்சோர்வும் பதற்றமும் குறைந்து, தன்னம்பிக்கை கூடியிருந்ததும் தெரியவந்தது.

கண் தெளிந்தால் கால் உறுதிப்படும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்? நம் நாட்டின் அரச வைத்தியசாலைகளில் வெண்புரைச் சத்திரசிகிச்சை செய்யப்படுகிறது. பெரும்பாலும் கண்ணை மட்டும் விறைக்கச் செய்து, குறுகிய நேரத்திலேயே முடித்துவிடுகிறார்கள். எனவே “பிறகு பார்ப்போம்” என்பதை விட்டு, கிளினிக் திகதியைப் பிள்ளைகள் கையில் எடுக்கவேண்டும்.

மூக்குக்கண்ணாடியிலும் கவனம்

கண்ணாடி போட்டால் எல்லாம் சரி என்றும் இருந்துவிட முடியாது. மேற்பாதி தூரத்துக்கும் கீழ்ப்பாதி வாசிப்பதற்குமாக உள்ள ‘பைபோகல்’ கண்ணாடியைப் பலர் அணிகின்றனர். அதன் கீழ்ப்பாதி கையிலுள்ள புத்தகத்துக்கு ஏற்றது. காலடியில் உள்ள படிக்கு ஏற்றதல்ல. படி இறங்கக் குனிந்தால் விளிம்பு மங்கலாகத் தெரியும். அவுஸ்திரேலியாவில் ஸ்டீபன் லோர்ட் குழுவினர் 2002இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய கண்ணாடி அணிந்த முதியவர்கள் மற்றவர்களைவிட இரு மடங்குக்கு மேல் விழும் வாய்ப்பு உள்ளவர்களாகக் காணப்பட்டனர்.

பின்னர் 2010இல் வெளியான இன்னொரு அவுஸ்திரேலிய ஆய்வு இதை மேலும் தெளிவாக்கியது. அடிக்கடி வெளியே நடமாடும் முதியவர்களுக்கு, வெளியில் அணியத் தூரப் பார்வைக்கு மட்டுமான தனிக் கண்ணாடி கொடுத்தபோது விழுகைகள் குறைந்தன. வீட்டோடு இருப்பவர்களுக்கோ கண்ணாடியை மாற்றுவது நன்மை தரவில்லை. அவர்கள் வெளியே போகும்போது விழுவது கூடியது. ஆகவே எல்லோருக்கும் ஒரே விதி இல்லை. கண் வைத்தியரிடம் “நான் தினமும் சந்தைக்கு நடந்து போகிறேன்” என்றோ “வீட்டைவிட்டு வெளியேறுவதில்லை” என்றோ சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

புதுக் கண்ணாடி வாங்கிய முதல் வாரங்களிலும் அவதானம் தேவை. வில்லையின் வலு மாறும்போது படியின் உயரமும் தூரமும் மாறித் தோன்றும். மூளை அதற்குப் பழகும்வரை படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்கவேண்டும். கர்ப்பிணிச் சகோதரிகளுக்கும் இதைச் சொல்லவேண்டும்: வயிறு பெரிதாகும்போது உடலின் பாரம் முன்னே நகர்கிறது, காலடியும் மறைகிறது. கூடை நிறைய உடுப்பைச் சுமந்துகொண்டு படி இறங்கவேண்டாம்.

வீட்டில் இன்றே செய்யக்கூடியவை

* கட்டிலிலிருந்து மலசலகூடம் வரையுள்ள வழியில் இரவு முழுவதும் எரியும் ஒரு சிறு விளக்கு இருக்கட்டும். சுவிச்சைத் தேடி இருட்டில் நடக்கும் சில அடிகளிலேதான் பலர் விழுகிறார்கள்.

* தலையணை அருகே ரோச் லைற் ஒன்று வையுங்கள். 2022இல் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு இருந்த நாட்களை நாம் மறந்திருக்க மாட்டோம்.

* எழும்பியதும் நடக்கவேண்டாம். கட்டில் விளிம்பில் சிறிது நேரம் இருந்து, கண் பழகியபின் எழுந்து, ஏதாவதொன்றைப் பிடித்து நின்று, பின்னர் நடக்கட்டும். இரத்த அழுத்தக் குளிசை எடுப்பவர்களுக்கு இது மிக அவசியம்.

* சிவப்புச் சீமெந்து பூசி மினுக்கிய படிகளில் விளிம்பு எது, தரை எது என்று முதிய கண்ணுக்குத் தெரியாது. ஒவ்வொரு படியின் விளிம்பிலும் வெள்ளை அல்லது மஞ்சள் நிறப் பூச்சால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். செலவோ ஒரு சிறு டின் பெயின்ற்.

* தரைக்கு வரும் நுளம்பு வலை, சுருண்ட பாய், மின் வயர், பிள்ளைகளின் விளையாட்டுப் பொருட்கள் ஆகியவற்றை வழியிலிருந்து அகற்றுங்கள். வாசலில் கால் துடைக்கும் சாக்கு வழுக்காததாக இருக்கட்டும்.

* குளியலறையில் உறுதியான ஒரு கைப்பிடி பொருத்துங்கள். தலைக்குச் சவர்க்காரம் போட்டுக் கண்ணை மூடும் வேளையில் கால் ஈரத்தில், பார்வையும் இல்லை. முதியவர்கள் கதிரையில் இருந்து குளிப்பதே பாதுகாப்பு.

* தூக்கம் தரும் குளிசைகள், சளிக்கும் ஒவ்வாமைக்கும் எடுக்கும் சில குளிசைகள் ஆகியன மூளையின் வேகத்தைக் குறைத்துத் தள்ளாட்டத்தைக் கூட்டும். எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு போய் வைத்தியரிடம் காட்டுங்கள். தாமாக நிறுத்தவும் வேண்டாம்.

காலுக்கும் பயிற்சி வேண்டும்

கண்ணின் பலம் குறையும்போது காலும் காதும் ஈடு செய்யவேண்டும். அதற்குப் பயிற்சி உண்டு. உலகின் பல நாடுகளில் நடந்த 108 ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான அறிக்கையொன்றின்படி, உடற்பயிற்சி முதியவர்களின் விழுகைகளை 23 சதவீதம் குறைக்கிறது. சமநிலைக்கான பயிற்சிகளே அதில் முதலிடம் பெறுகின்றன.

குசினிப் பேசினுக்கு முன்னால் நின்று, அதன் விளிம்பைப் பிடித்தபடி குதிக்காலை உயர்த்தி இறக்கலாம். ஒரு பாதத்தின் முன்னால் மறுபாதத்தை நேர்கோட்டில் வைத்து, கண்ணைத் திறந்தபடி 10 வினாடி நிற்கப் பழகலாம். கையை ஊன்றாமல் கதிரையிலிருந்து எழுந்து இருக்கலாம். பிடி தேவைப்படாத அளவுக்கு உறுதி வந்தபின் ஒரு விரலால் மட்டும் தொட்டு நிற்கலாம். கண்ணை மூடிச் செய்வது கடைசிப் படி. அதுவும் பக்கத்தில் ஒருவர் நிற்கும்போது மட்டுமே. பாதங்களை முன்பின்னாக வைத்து 10 வினாடி நிற்க முடியாதவருக்கு விழும் ஆபத்து அதிகம் என்று கருதி, வைத்தியரின் ஆலோசனையைப் பெறவேண்டும்.

எப்போது வைத்தியரிடம் போகவேண்டும்?

ஆண்டுக்குள் இரண்டு முறை விழுந்தவர், கட்டிலில் புரளும்போது உலகமே சுற்றுவதாகச் சொல்பவர், பாதத்தில் உணர்வு குறைந்தவர், இருட்டில் மட்டும் தள்ளாடுபவர் ஆகியோர் தாமதியாமல் வைத்தியரைக் காணவேண்டும். திடீரென்று நிலை தடுமாறி, வாய் கோணி, பேச்சுக் குழறி, ஒரு பக்கக் கை கால் சோர்ந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 1990 இலக்கத்துக்கு அழைத்து அம்புலன்ஸை வரவழையுங்கள்.

விழுந்தவரை இருபுறமும் பிடித்து அவசரமாகத் தூக்கவேண்டாம். கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பியிருந்தாலோ, தொடையில் கடும் வலி இருந்தாலோ, அசைக்காமல் வைத்து உதவி வரும்வரை காத்திருங்கள்.

ஒருமுறை விழுந்தவர் பயத்தால் நடமாட்டத்தையே குறைத்துக்கொள்வார். நாமும் “இருந்த இடத்திலேயே இருங்கோ” என்று அன்போடு அதட்டுவோம். அதனால் தசை மெலிந்து, அடுத்த விழுகைதான் விரைவாகும். அவரை இருத்திவைப்பதை விட, வெளிச்சமான வழியில் கைபிடித்து நடக்கவைப்பதே உண்மையான அன்பு.

இந்த மாதம் ஒரு வேலையைச் செய்வோம். இரவு வீட்டில் எல்லோரும் உறங்கியபின், அம்மாவின் கட்டிலடியில் இருந்து மலசலகூடம் வரை விளக்கில்லாமல் ஒருமுறை மெதுவாக நடந்து பாருங்கள். எங்கே தயங்குகிறீர்களோ அங்கே ஒரு விளக்கை வையுங்கள். அவருடைய கண் கிளினிக் திகதி எப்போது என்று காலையில் கேளுங்கள். அன்று நீங்களே கூடப் போங்கள்.